சின்ன வகுப்பு என்றால் நல்ல வகுப்பா? பாலர் பள்ளியில் சேர்க்கும் முன் பெற்றோர் பார்க்க வேண்டியவை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பிரிக்பீல்ட்ஸ் தெருக்களில் நடமாடுகிறவர்களுக்கு வெள்ளைக்கோல் புதிதல்ல. 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இயங்குகிறது. நடைபாதையில் பதித்த மஞ்சள் கற்களைக் காலால் தடவியபடி ஒருவர் வந்தால், பூக்கடைக்காரர் வாளியை நகர்த்தி வைக்கிறார். சாப்பாட்டுக் கடைப் பையன் மேசையை உள்ளே இழுக்கிறான். இதை அவர்களுக்கு யாரும் பாடமாகச் சொல்லித் தரவில்லை. ஒரே தெருவில் பல ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்ததில் வந்த பழக்கம் இது.

ஆனால் அதே வட்டாரத்தில் நான்கு வயதுப் பிள்ளையைப் பாலர் பள்ளியில் சேர்க்கப் போகும்போது மட்டும் முகம் மாறிவிடுகிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தாய், "என் பிள்ளையை ஏற்றுக் கொள்வார்களா?" என்று தயங்குகிறார். பக்கத்து நாற்காலியில் உட்காரப் போகும் பிள்ளையின் தாயோ, "என் பிள்ளையின் படிப்பு கெட்டுவிடுமா?" என்று கவலைப்படுகிறார். உண்மையில் இருவரும் கேட்பது ஒரே கேள்விதான். இந்த வகுப்பு என் பிள்ளைக்குப் பொருந்துமா? அதற்கு விடை காணும் வழியைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

பெயர்ப்பலகை சொல்லாதது

கிள்ளான் பள்ளத்தாக்கில் சிறப்புத் தேவையுள்ள சிறு பிள்ளைகளுக்கு மூன்று வகையான இடங்கள் உள்ளன.

முதல் வகை, அவர்களுக்கென்றே நடத்தப்படும் பயிற்சி மையங்கள். பெட்டாலிங் ஜெயாவில் உள்ள கிவானிஸ் டவுன் சிண்ட்ரோம் அறநிறுவனத்தின் மையம் ஓர் உதாரணம். 2016இல் செந்தூலில் பெர்மாத்தா குர்னியா என்ற பெயரில் திறக்கப்பட்டு, பின்னர் ஜீனியஸ் குர்னியா என்று பெயர் மாறிய ஆட்டிசம் மையம் இன்னொன்று. இரண்டாவது, சாதாரணப் பள்ளி வளாகத்துக்குள்ளேயே தனி அறையில் நடக்கும் சிறப்புக் கல்வி வகுப்பு. மூன்றாவது, எல்லாப் பிள்ளைகளும் ஒரே அறையில், ஒரே ஆசிரியையிடம் சேர்ந்து படிக்கும் வகுப்பு. இதைத்தான் உள்ளடக்கிய வகுப்பு என்கிறோம்.

தனியார் பாலர் பள்ளிகள் பல தங்களை மூன்றாம் வகை என்று சொல்லிக் கொள்கின்றன. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் நிலைமை வேறாக இருக்கலாம். பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பேர் சிறப்புத் தேவையுள்ளவர்களாக இருந்தால், அது பயிற்சி மையம். அது ஒருவேளை நல்ல மையமாகவே இருக்கலாம். ஆனால் சக வயதுப் பிள்ளைகளோடு பழக வேண்டும் என்ற நோக்கத்தில் சேர்த்தவருக்கு அது கிடைக்காது. மாறாக, எல்லாப் பிள்ளைகளும் வட்டமாக உட்கார்ந்து பாடும்போது ஒரு பிள்ளை மட்டும் மூலையில் உதவியாளரோடு பொம்மை உருட்டிக் கொண்டிருந்தால், அந்தப் பிள்ளை அறைக்குள் இருக்கிறதே தவிர வகுப்பில் இல்லை.

எண்ணிக்கையின் கணக்கு

"எங்கள் வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகள்தான்" என்று பள்ளி நடத்துபவர் பெருமையாகச் சொல்வார். கல்வியமைச்சின் பாலர் வகுப்பில் 25 பிள்ளைகள் வரை இருப்பார்கள். ஓர் ஆசிரியரும் ஓர் உதவியாளரும் கவனித்துக் கொள்வார்கள். அதோடு ஒப்பிட்டால் பன்னிரண்டு குறைவுதான். ஆனால் அந்தப் பன்னிரண்டு பேருக்கு எத்தனை பெரியவர்கள் என்று கேட்டால்தான் கணக்கு முழுமையாகும். ஒரே ஆசிரியை பன்னிரண்டு பேரைப் பார்க்கிறார் என்றால், அங்கே ஒரு பிள்ளையைக் கழிப்பறைக்கு அழைத்துப் போகும் நேரத்தில் மற்ற பதினொரு பேரை யார் பார்ப்பது?

சின்ன வகுப்புக்கு நன்மைகள் உண்டு. சத்தம் குறைவு. ஆசிரியைக்கு ஒவ்வொரு பிள்ளையின் முகக்குறிப்பும் தெரியும். பேசத் தயங்கும் பிள்ளைக்கும் முறை வரும். அதேபோல் பலவீனங்களும் உண்டு. ஓர் ஆசிரியை வேலையை விட்டுப் போனால் வகுப்பே ஆட்டம் காணும். கூடி விளையாட ஒத்த பிள்ளை அந்தச் சில பேரில் இல்லாமலும் போகலாம். ஆகவே, "இந்த ஆசிரியை இங்கே எத்தனை ஆண்டாக இருக்கிறார்? அவர் விடுப்பு எடுத்தால் யார் வருவார்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும். நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பராமரிக்கும் தாஸ்காக்கள் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சமூக நல இலாகாவில் பதிய வேண்டும். நான்கு முதல் ஆறு வயதினருக்கான பாலர் பள்ளிகள் 1996 கல்விச் சட்டத்தின்கீழ் கல்வி இலாகாவில் பதிய வேண்டும். வீட்டு வரவேற்பறையில் நடக்கும் சின்ன வகுப்பு அன்பாக நடக்கலாம். ஆனால் தீயணைப்பு வசதி, பாதுகாப்பான கதவு, பதிவுச் சான்றிதழ் ஆகியவற்றை அந்த அன்பு ஈடுகட்டாது.

முதலில் பிள்ளையைப் பாருங்கள்

பள்ளியை எடைபோடும் முன் பிள்ளையைச் சரியாக அறிந்திருக்க வேண்டும். கிள்ளானில் ஒரு குடும்பம் இருப்பதாக எண்ணிப் பாருங்கள். பையனுக்கு மூன்றரை வயது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. வரும் சொற்கள் ஆறோ ஏழோதான். "அவங்கப்பனும் நாலு வயசுலதான் பேசினான், விடும்மா" என்கிறார் பாட்டி. தாய்க்கு மனம் கேட்கவில்லை. ஆனால் ஊரார் என்ன சொல்வார்களோ என்ற பயம். ஆறு மாதம், பிறகு இன்னும் ஆறு மாதம் என்று நாட்கள் ஓடுகின்றன.

பாட்டி சொல்வது சில பிள்ளைகளின் விஷயத்தில் உண்மையாகவும் இருக்கலாம். எந்தப் பிள்ளையின் விஷயத்தில் என்பதை வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. அரசாங்க சுகாதார கிளினிக்கில் தரும் குழந்தை உடல்நலப் பதிவுப் புத்தகத்தில் 18 மாத வயதில் ஆட்டிசத்துக்கான கேள்விகளை நிரப்பும் பகுதி உண்டு. அந்தப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். அது நிரப்பப்படாமல் இருந்தால் கிளினிக்கில் கேளுங்கள். பேச்சு தாமதமான எந்தப் பிள்ளைக்கும் முதலில் செய்ய வேண்டியது காது பரிசோதனை. காது சரியாகக் கேட்காத பிள்ளையைப் 'பிடிவாதக்காரன்' என்று அடிக்கும் வீடுகளும் உண்டு.

அதன் பிறகு ஒரு தாளில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். பிள்ளை தானாகச் சாப்பிடுமா? கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று சொல்லுமா? திறந்த கதவைக் கண்டால் ஓடுமா? வலிப்பு வருமா? எந்தச் சத்தத்துக்கு அழும்? அழுதால் எதைச் செய்தால் அடங்கும்? எதைப் பார்த்தால் சிரிக்கும்? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியமானது. பிள்ளையைப் பற்றிய குறைகளை மட்டும் கேட்ட ஆசிரியை குறைகளைத்தான் எதிர்பார்த்திருப்பார்.

மறைப்பதால் வரும் இழப்பு

பல பெற்றோர் செய்யும் ஒரு காரியத்தை வெளிப்படையாகப் பேச வேண்டும். சொன்னால் இடம் தரமாட்டார்கள் என்று பயந்து, மருத்துவர் சொன்னதை மறைத்துச் சேர்த்துவிடுகிறார்கள். பயம் நியாயமானதுதான். மறுக்கும் பள்ளிகள் இருக்கின்றன. ஆனால் விஷயத்தை மறைத்துச் சேர்த்த பிள்ளைக்கு வகுப்பில் எந்த ஏற்பாடும் இருக்காது. உரத்த கைதட்டலுக்குக் காதைப் பொத்திக் கொண்டு அலறும் பிள்ளையை 'அடங்காதவன்' என்றுதான் நினைப்பார்கள். சில வாரங்களில், "நாளையிலிருந்து அனுப்ப வேண்டாம்" என்று தொலைபேசி வரும். வலிப்பு வரும் பிள்ளையாக இருந்தால் உயிருக்கே ஆபத்து.

முதல் நாளே சொல்லிக் கிடைத்த மறுப்பு மனத்தை வருத்தும். ஆனாலும் அது நல்ல தகவல். தயாராக இல்லாத இடத்தில் பிள்ளையின் ஆறு மாதம் வீணாகாமல் போயிற்று. எந்த மறுப்பும் பிள்ளையின் தகுதியைப் பற்றிய தீர்ப்பாகாது.

ஒரு காலைப் பொழுது

நல்ல வகுப்பை அடையாளம் காணச் சிறந்த வழி, திறப்பு நாளன்று போகாமல் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலையில் போய் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பது. சுவரில் ஒட்டியிருக்கும் வண்ணப் படங்களை விட்டுவிட்டு, ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு மாறும் நேரத்தைக் கவனியுங்கள். விளையாட்டை முடித்துக் கை கழுவி, வரிசையில் நின்று, சாப்பிட உட்காரும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் பெரும்பாலான அழுகை நடக்கும். ஆசிரியை முன்கூட்டியே சொல்கிறாரா? 'அடுத்தது சாப்பாடு' என்று காட்டும் படம் இருக்கிறதா? அல்லது கையைப் பிடித்து இழுத்துப் போகிறார்களா?

ஒரு பிள்ளை அழும்போது பெரியவரின் குரல் உயர்கிறதா, தாழ்கிறதா என்று பாருங்கள். உதவியாளர் ஒரு பிள்ளையின் பக்கத்தில் இருந்தால், அவர் மற்றப் பிள்ளைகளோடு சேர்த்து வைக்கிறாரா, அல்லது நடுவில் சுவராக நிற்கிறாரா என்று பாருங்கள். வேறு ஒரு பிள்ளை வந்து பந்தை நீட்டும்போது, அதை உதவியாளரே வாங்கிக் கொடுத்துவிட்டால் அங்கே நட்பு முளைக்காது.

பிறகு பள்ளி நடத்துபவரிடம் பேசுங்கள். "எங்களுக்கு எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுதான்" என்ற பதில் கேட்க இனிமையானது. ஆனால் அதில் தகவல் எதுவும் இல்லை. "போன வருடம் இப்படி ஒரு பிள்ளை இருந்தது. முதல் மாதம் ஒரு மணி நேரம் மட்டும் வரச் சொன்னோம். கூடாரம் மாதிரி ஒரு மூலை வைத்தோம். எல்லாம் பலிக்கவில்லை, இது பலித்தது" என்று சொல்கிறவரிடம் அனுபவம் இருக்கிறது. பேச்சுப் பயிற்சியாளர் சொல்வதை வகுப்பில் செய்து பார்ப்பார்களா, பிள்ளைக்கென்று எழுதிய திட்டம் உண்டா, எத்தனை மாதத்துக்கு ஒரு முறை பெற்றோரோடு உட்கார்ந்து பேசுவார்கள் என்றும் கேளுங்கள். கூடுதல் உதவியாளருக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் அப்போதே கேட்டு, எழுத்தில் வாங்கிக் கொள்ளுங்கள்.

பக்கத்து நாற்காலிப் பிள்ளையின் பெற்றோருக்கு

"அவனைப் பார்த்து என் பிள்ளையும் கத்த ஆரம்பித்துவிடுமே" என்பது சில பெற்றோரின் கவலை. பிள்ளைகள் எதையும் பார்த்துச் செய்யும். விளம்பரப் பாட்டையும் செய்யும். சில நாள் செய்து பார்த்துப் பலன் இல்லையென்றால் விட்டுவிடும். ஒரு பிள்ளையின் அழுகை இருந்த ஒரே ஆசிரியையின் நேரம் முழுவதையும் விழுங்குகிறது என்றால் அந்தக் குறை நியாயமானது. ஆனால் அது ஆள் பற்றாக்குறையால் வந்தது. பள்ளி நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது இன்னோர் உதவியாளரை. அந்தப் பிள்ளையை வெளியேற்றச் சொல்வதில் நியாயம் இல்லை.

இதில் வரலாறு சொல்லும் பாடமும் உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கில் பல பாலர் பள்ளிகளின் பலகையில் மாண்டிசோரி என்ற பெயர் இருக்கிறது. மரியா மாண்டிசோரி இத்தாலி நாட்டு மருத்துவர். படிக்கவே இயலாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளோடுதான் அவர் முதலில் வேலை செய்தார். அங்கே பயன்பட்ட முறைகளையும் கருவிகளையும் 1907 ஜனவரியில் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பில் திறந்த பாலர் இல்லத்தில் சாதாரணப் பிள்ளைகளுக்குக் கொண்டு வந்தார். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து பயிற்சி அளித்தவர், உலகப் போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கிவிட்டார். இன்று எல்லாப் பெற்றோரும் ஆசையோடு கட்டணம் கட்டும் அந்த முறை, ஒதுக்கப்பட்ட பிள்ளைகளிடமிருந்து கற்றுக் கொண்டது. படம் போட்ட அட்டவணை, தெளிவான வழக்கம், சிறு குழு ஆகியவை எல்லாப் பிள்ளைகளுக்கும் உதவுபவை.

தமிழை விட்டுவிட வேண்டுமா?

பேச்சு தாமதமான பிள்ளையின் வீட்டில், "தமிழை நிறுத்துங்கள், ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்று யாராவது ஆலோசனை சொல்லியிருப்பார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளையும் டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளையும் கொண்டு வெளிநாடுகளில் செய்யப்பட்ட ஆய்வுகள், இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு மேலும் பின்தங்குவதாகக் காட்டவில்லை. வீட்டில் தமிழை நிறுத்தினால் பிள்ளையோடு நாள் முழுவதும் இருக்கும் பாட்டி வாயடைத்துப் போவார். பிள்ளைக்குக் கிடைக்கும் பேச்சின் அளவே குறைந்துவிடும்.

வகுப்பு ஆங்கிலத்திலோ மலாயிலோ நடந்தாலும் பரவாயில்லை. பிள்ளை வீட்டில் பயன்படுத்தும் பத்துத் தமிழ்ச் சொற்களை எழுதி ஆசிரியையிடம் கொடுங்கள். தண்ணி, வலிக்குது, போதும், பயம், ஒன்னுக்கு, அம்மா எங்கே... இவை தெரிந்த ஆசிரியையிடம் பிள்ளை சீக்கிரம் ஒட்டிக் கொள்ளும். அந்தத் தாளை ஆசிரியை எப்படி வாங்கிக் கொள்கிறார் என்பதிலேயே அந்த வகுப்பைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

தூரமும் பணமும்

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்குக் கோமுட்டர் ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். காலையில் கூட்டரசு நெடுஞ்சாலையில் போனால் நேரத்தைச் சொல்ல முடியாது. மூன்று மணி நேர வகுப்புக்காக நான்கு வயதுப் பிள்ளையைத் தினமும் அவ்வளவு தூரம் கொண்டு போனால், வகுப்பு தொடங்கும்போதே அது களைத்திருக்கும். சிறந்த வகுப்பு தூரத்தில் இருந்து, சுமாரான ஆனால் திறந்த மனமுள்ள வகுப்பு பக்கத்துத் தாமானில் இருந்தால், பல குடும்பங்களுக்குப் பக்கத்து வகுப்பே சரியாக இருக்கும். அங்கே கிடைக்கும் தோழன் மாலையில் விளையாட்டுத் திடலுக்கும் வருவான். மிச்சமாகும் பணத்தைப் பேச்சுப் பயிற்சிக்குச் செலவிடலாம். வேலையை விட்டுவிடலாமா என்று எண்ணும் தாயின் களைப்பும் இந்தக் கணக்கில் சேர வேண்டும்.

மூன்று மாதம் கழித்து

2013ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி விதிமுறைகள், சிறப்புத் தேவையுள்ள மாணவரின் ஆற்றலைக் கண்டறிய மூன்று மாதம் வரை சோதனைக் காலம் வைக்க இடம் தருகின்றன. பள்ளி பிள்ளையைச் சோதிக்கும் அந்த முறையைப் பெற்றோர் திருப்பிப் போடலாம். நீங்களும் வகுப்புக்கு மூன்று மாதம் கொடுங்கள்.

முதல் இரண்டு வாரம் அழுவது இயல்பு. மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். காலையில் பையைத் தூக்குகிறதா? ஏதாவது ஒரு பிள்ளையின் பெயரை, அரைகுறையாகவாவது, சொல்கிறதா? ஒரு புதுச் செயல், ஒரு புதுச் சொல் வீட்டுக்கு வந்திருக்கிறதா? ஆசிரியை பிள்ளையைப் பற்றிப் புதிதாக ஒன்று சொல்கிறாரா, அல்லது அதே புகாரையே சொல்கிறாரா? தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, பள்ளிச் சட்டையைப் பார்த்தாலே ஒளிந்து கொள்கிறது என்றால் பொறுத்திருக்க வேண்டாம். மாற்றுவதில் அவமானம் எதுவும் இல்லை. தனிப் பயிற்சி மையத்தில் ஓராண்டு இருந்துவிட்டு, பிறகு சேர்ந்து படிக்கும் வகுப்புக்கு வரும் பிள்ளைகளும் உண்டு. காலையில் மையம், வாரத்தில் இரண்டு நாள் பாலர் வகுப்பு என்றும் செய்யலாம்.

சட்டம் பக்கத்தில் நிற்கிறது

2008ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டத்தின் 28ஆம் பிரிவு, உடற்குறையையோ வேறு குறையையோ காரணம் காட்டி ஒரு பிள்ளையைக் கல்வியிலிருந்து ஒதுக்கக் கூடாது என்கிறது. அதில் பாலர் கல்வியும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டுள்ளது. மாற்றுத் திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாட்டு உடன்படிக்கையை மலேசியா 2010இல் ஏற்றது. 2019 முதல் கல்வியமைச்சு தன் பள்ளிகளில் எந்தச் சிறப்புத் தேவையுள்ள பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கையை நடைமுறைப்படுத்தியது. ஆனால் 2008 சட்டம் இயற்றப்பட்டபோது, மீறுகிறவருக்குத் தண்டனை எதுவும் அதில் சேர்க்கப்படவில்லை. ஆகவே தனியார் பாலர் பள்ளி வாசலில் சட்டத்தை மட்டும் காட்டி இடம் வாங்குவது கடினம். பிள்ளையைப் பற்றிய தாளும், மருத்துவ அறிக்கையும், பொறுமையான பேச்சும் கூடவே வேண்டும்.

சமூக நல இலாகாவில் பதிந்து ஓகேயூ அட்டை எடுக்கப் பல பெற்றோர் தயங்குகிறார்கள். பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடுமாம். மருத்துவர் உறுதிப்படுத்திய பிறகு தயங்குவதால் பிள்ளையின் நிலை மாறப் போவதில்லை. கிடைக்க வேண்டிய உதவிகள்தான் தள்ளிப் போகும். ஆரம்பப் பள்ளிக்குப் போகும் முந்தைய ஆண்டிலேயே, அருகிலுள்ள பள்ளியில் என்ன ஏற்பாடு உண்டு என்று விசாரித்துவிடுங்கள். சிறப்புக் கல்வி வகுப்பு எல்லாத் தமிழ்ப்பள்ளிகளிலும் இல்லை. கடைசி நேரத்தில் ஓடினால் தமிழ்ப்பள்ளி என்ற தேர்வே கைவிட்டுப் போகலாம்.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்று நம் முன்னோர் சொன்னதைப் பிள்ளையை நோக்கியே சொல்லிப் பழகிவிட்டோம். அது வகுப்பறைக்கும் பொருந்தும். ஐந்து வயதுப் பிள்ளைக்காக வளைந்து கொடுக்காத வகுப்பு, பிறகு யாருக்காகவும் வளைந்து கொடுக்காது. இந்த வாரம் ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள். கையில் பிள்ளையைப் பற்றிய தாளோடு ஒரு வகுப்பின் ஓரத்தில் போய் உட்காருங்கள். விளம்பரத் துண்டில் இல்லாத பதில்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் கிடைக்கும்.